லோயரிங் ஸ்பிரிங்கா, காயிலோவரா? வீட்டில் மாட்டுபவர்களுக்கு

காரை 25–30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் போதும் என்றால் லோயரிங் ஸ்பிரிங் (பழைய ஷாக் அப்சார்பரிலேயே மாட்டும் குட்டை ஸ்பிரிங்) மலிவானது. ஆனால் வீட்டு வேலையாகப் பார்த்தால் இதுதான் கூடுதல் ஆபத்து. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டைப் பிரிக்க, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம். கொக்கிகளை எதிரெதிரே மாட்டி, இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடும்வரை மேல்நட்டைத் தொடவே கூடாது. அழுத்தத்தோடு அது தெறித்தால் உயிர் போகலாம்.

காயிலோவர் என்பது மரையிலுள்ள காலர் வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட். பெரும்பாலும் கோத்தே வரும், கம்ப்ரஸர் தேவைப்படாது. சில கிட்டுகளுக்குப் பழைய ஸ்ட்ரட்டின் மேல்மவுண்ட் (மேல்முனையை வண்டியோடு பிணைக்கும் பகுதி) வேண்டும். அதைக் கழற்ற மறுபடியும் கம்ப்ரஸர்தான். வாங்குமுன் பாருங்கள். உயரத்தை வீல் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து, இடம் வலம் சமமாக்குங்கள். மரையில் சேறும் உப்பும் படிந்தால் காலர் இறுகிவிடும்.

தேய்ந்த ஷாக்கில் குட்டை ஸ்பிரிங் போடுவது வீண்செலவு: ஷாக்கின் தண்டு பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பில் அடிக்கடி மோதும், ஆயில் கசியும். ஷாக் பழசென்றால் காயிலோவரே சரி.

எதுவானாலும் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிரேக் ஹோஸில் ஹப்பின் எடை தொங்கக் கூடாது. கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) போல்ட்டுகளில் ரப்பர் புஷ் உள்ளவற்றை, சக்கரத்தில் வண்டியின் எடை இறங்கிய பிறகே, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக் கிழியும். பிறகு வீல் அலைன்மெண்ட்.