ஆதித்யாவா, வாட்டர் மெட்ரோவா? மின்படகு வாங்கும் முன் பராமரிப்பைப் பாருங்கள்

கேரளத்தின் காயல்களில் இரண்டு விதமான மின்படகுகள் தினமும் ஆட்களை ஏற்றி இறக்குகின்றன. ஒன்று 'ஆதித்யா'. தந்தை பெரியார் நடத்திய போராட்டத்தால் நமக்குப் பழக்கமான வைக்கத்திலிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்குப் போகிறது. 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய சோலார் படகு. 75 பேர் உட்காரலாம். மற்றொன்று 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய, 100 பேர் ஏறும் ஏசி படகுகள். மின்படகுகளுக்கான கஸ்ஸீஸ் விருதை ஆதித்யா 2020-இலும், வாட்டர் மெட்ரோவின் முதல் படகான 'முசிரிஸ்' 2022-இலும் வாங்கின. 1881-இல் பாரிஸின் சேன் ஆற்றில் மின்மோட்டாரால் படகு ஓட்டிக் காட்டிய குஸ்தாவ் துரூவேயின் பெயரில் தரப்படும் விருது அது.

இரண்டும் நல்ல படகுகள். ஆனால் மின்சாரத்தைக் கையாளும் முறையில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஏதோ ஓர் ஆற்றிலோ காயலிலோ மின்படகு விட நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

ஆதித்யாவின் கூரை முழுக்க 20 கிலோவாட் சோலார் பலகைகள். உள்ளே 50 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி, தலா 20 கிலோவாட்டில் இரண்டு மோட்டார்கள். வெயில் இருக்கும்வரை பலகையும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும். போதாததை இரவில் துறையில் சாதாரண மின் இணைப்பிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். வாட்டர் மெட்ரோ படகு சூரியனை நம்பியிருக்கவில்லை. அதிலிருப்பது லித்தியம் டைட்டனேட் பேட்டரி, அதாவது எல்டிஓ. டெர்மினலில் 10 முதல் 15 நிமிடம் நிற்கும்போது கரையிலிருந்து வேகமாகச் சார்ஜ் ஏறுகிறது. அவசரத்துக்குப் படகிலேயே ஒரு டீசல் ஜெனரேட்டரும் உண்டு.

ஏன் இப்படிப் பிரிந்தன? பதில் வேகத்தில் இருக்கிறது. வைக்கம் - தவணக்கடவு தூரம் சுமார் இரண்டரை கிலோமீட்டர், பயணம் ஏறக்குறைய கால் மணி நேரம். மணிக்கு 10 கிலோமீட்டர், படகுக்காரர்களின் அளவில் சுமார் ஐந்தரை நாட் (knot) வேகம். இதற்குச் சராசரியாக 15 கிலோவாட் இழுக்கும் என்று வைத்தால் ஒரு கடவுக்கு நான்கு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். நாளுக்கு 20 கடவு ஓடினால் 75 யூனிட். கேரள வெயிலில் ஒரு கிலோவாட் பலகை நல்ல நாளில் நான்கு யூனிட் தரும்; 20 கிலோவாட்டுக்கு 80. கணக்கு நேராகிவிடுகிறது. மழைக்காலத்தில் இது பாதியாகவும் அதற்குக் கீழும் இறங்கும். அப்போதுதான் இரவு பிளக் தேவைப்படுகிறது.

வாட்டர் மெட்ரோவின் வேகம் எட்டு நாட். ஐந்தரையிலிருந்து எட்டுக்குப் போவது கேட்க அற்பமாகத் தெரியும். தண்ணீரில் அப்படியில்லை. வேகம் ஏற ஏற, தேவைப்படும் திறன் அதன் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும்; இந்த இரண்டரை நாட்டுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு திறன் வேண்டும். அதோடு ஏசி. இதைக் கூரைப் பலகையால் ஈடுகட்ட முடியாது. கரையை நம்பித்தான் ஆக வேண்டும். பயணிகள் காத்திருக்க, சார்ஜும் சீக்கிரம் ஏற வேண்டும்.

அந்த அவசரத்துக்குத்தான் எல்டிஓ. சாதாரண லித்தியம் செல்லில் எதிர்முனை கிராஃபைட்டால் ஆனது. அவசரமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போக நேரமில்லாமல் முனையின் மேலேயே உலோகமாகப் படியத் தொடங்கும். செல்லின் ஆயுள் அங்கேயே குறைகிறது. டைட்டனேட் முனையில் இந்தப் படிவு நேர்வதில்லை. அதனால்தான் கால் மணி நேரச் சார்ஜைத் தினமும் பல முறை தாங்குகிறது. பத்தாயிரம் சார்ஜ் சுற்றுகளைத் தாண்டியும் உழைக்கும். படகுகளில் இப்போது பரவலாகப் போடும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எல்எஃப்பி, சில ஆயிரம் சுற்றுகள் தரும். இது மட்டும்தான் விஷயம் என்றால் எல்டிஓ வாங்கிவிட்டுப் போய்விடலாம்.

பராமரிப்புக்கு வந்தால் தராசு அசைகிறது. எல்டிஓ செல்லின் மின்னழுத்தம் சுமார் 2.3 வோல்ட், எல்எஃப்பிக்கு 3.2. ஒரு 600 வோல்ட் தொகுப்புக்கு எல்எஃப்பியில் 188 செல்கள் போதும், எல்டிஓவில் 260-ஐத் தாண்டும். ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு இணைப்புகள், ஒரு கண்காணிப்பு வயர். இணைப்பு கூடக் கூடத் தளர்வதற்கான இடங்களும் கூடுகின்றன. படகு என்பது இடைவிடாமல் அதிரும் இடம், உப்புக்காற்று வேறு. கால் மணி நேரச் சார்ஜில் பாயும் கரண்ட்டுக்குத் தளர்ந்த ஒரு போல்ட் போதும், அந்த இடம் கொதிக்கும். எனவே போல்ட்டை அளவான இறுக்கத்தில் முடுக்கும் டார்க் ரெஞ்சும் வெப்பம் காட்டும் கேமராவும் இல்லாமல் இந்தப் படகைப் பராமரிக்க முடியாது. எடையிலும் எல்டிஓ கனம், யூனிட் ஒன்றுக்கான விலையும் பெரிது.

எல்எஃப்பிக்குச் சிக்கலே இல்லை என்று சொல்லவில்லை. அதன் பெரிய தொல்லை, இருப்பை மறைப்பது. 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். மீட்டர் காட்டும் சதவீதம், உள்ளே போன கரண்ட்டையும் வெளியே வந்ததையும் செல்களைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பான பிஎம்எஸ் எண்ணிச் சொல்லும் கணக்கு. சோலார் படகில் பேட்டரி பெரும்பாலும் பாதி நிரம்பி, பாதி காலியாகி ஓடிக்கொண்டிருப்பதால் அந்தக் கணக்கு மெல்ல மெல்லத் தவறும். செல்களுக்கிடையே ஏற்றத்தாழ்வும் சேரும். வாரம் ஒரு முறையாவது இரவு முழுக்கப் பிளக்கில் போட்டு நூறு சதவீதம் ஏற்றி, செல்கள் சமமாகும்வரை விட வேண்டும். மழைக்காலத்தில் இதைத் தவறவிட்டால் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பலவீனமான செல் அடிமட்டத்தைத் தொடும். பிஎம்எஸ் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும். நடுக்காயலில், ஆட்களோடு. படகை ஓட்டும் சாரங்குக்கு மின்சாரப் படிப்பு தேவையில்லை. ஆனால் இந்த ஒரு வாராந்திர வேலை ஏன் என்று அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

கூரைப் பலகைக்கு உரிய வேலை எளிது, ஆனால் ஓயாதது. நீர்க்காகமும் கொக்கும் எச்சமிடும். ஒரு மூலையில் எச்சம் படிந்தாலே அந்த வரிசை முழுவதும் சுணங்கும். காலையில், பலகை சூடாகும் முன்பே, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். காயல் நீரை மொண்டு ஊற்றினால் உப்பு படியும். பலகைகளுக்கு இடையிலுள்ள இணைப்பிகளில் பச்சை பூக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். இதை உள்ளூர் எலக்ட்ரீசியன் செய்யலாம். என் பார்வையில் ஆதித்யா வழியின் மிகப் பெரிய பலம் இதுதான்.

வாட்டர் மெட்ரோவில் பாதிப் பராமரிப்பு கரையில் இருக்கிறது: உயர் அழுத்த இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர், சார்ஜர், கனத்த கேபிள், பிளக். அலை ஏறி இறங்க, துறையே மிதவையாக மேலும் கீழும் போகும் இடத்தில் அந்தக் கேபிள் நாள் முழுக்க வளைந்து நிமிர்கிறது. ஒரு டெர்மினலின் சார்ஜர் படுத்தால் நிற்பது ஒரு படகல்ல, அந்த வழித்தடத்தின் நேர அட்டவணையே தடுமாறும். ஜெனரேட்டர் உதவும், ஆனால் ஓடாத டீசல் எஞ்சினுக்கும் எண்ணெய், ஃபில்டர், டாங்கியில் சேரும் தண்ணீர் என்ற பழைய வேலைகள் அப்படியே இருக்கும். வாரம் ஒரு முறை ஓட்டிப் பார்க்காத ஜெனரேட்டரை நம்பக்கூடாது.

அடுத்தது அதிகம் பேசப்படாத ஒன்று, படகின் உடல். ஆதித்யாவுடையது ஃபைபர். வாட்டர் மெட்ரோவுடையது அலுமினியம். இலகுவானது, ஆனால் மின்கசிவுக்கு இரக்கம் காட்டாதது. மின்படகுகளில் பேட்டரியின் இரு முனைகளையும் உடலோடு தொடாமல் தனியே விடுவது வழக்கம். எங்கோ ஒரு கேபிள் உறை தேய்ந்து உடலைத் தொட்டால் உடனே எதுவும் நடக்காது, படகும் ஓடும். இரண்டாவது இடத்திலும் தொட்டால் கரண்ட் உடல் வழியே பாயும்; நீருக்கடியில் அது நடந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். இந்தக் கசிவைக் கண்காணிக்கும் இன்சுலேஷன் மானிட்டர் தரும் முதல் எச்சரிக்கையை 'படகு ஓடுகிறதே' என்று அணைத்துவிட்டுப் போவதுதான் மின்படகுக்குச் செய்யும் ஆகப் பெரிய தீங்கு. மழைக்காலத்தில் கழிவெண்ணெயும் தண்ணீரும் தேங்கும் அடித்தளத்தில் கேபிள் படுத்துக் கிடக்கக்கூடாது. தட்டில் உயர்த்திக் கட்ட வேண்டும்.

அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளக் கட்டும் உலோகக் கட்டியை எல்லோரும் 'ஜிங்க்' என்றே சொல்கிறோம். ஆனால் இந்தக் காயல் கோடையில் உப்பு, மழையில் நன்னீர். துத்தநாகம் நன்னீரில் மேலே ஓடு கட்டி வேலை செய்வதை நிறுத்திவிடும். அலுமினியக் கலவைக் கட்டி இரண்டு நீருக்கும் பொருந்தும்.

இரண்டு படகுக்கும் பொதுவான எதிரி ஆகாயத்தாமரை. புரொப்பெல்லரில் சுற்றினால் டீசல் படகில் சத்தம் மாறும். மின்படகில் திரையில் தெரியும்: அதே சுழற்சியில் ஆம்பியர் கூடும். தினமும் காலையில் ஒரே வேகத்தில் எத்தனை ஆம்பியர் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் களை, அடியில் ஒட்டும் சிப்பி, தேயும் பேரிங் மூன்றையும் முன்கூட்டியே பிடிக்கலாம்.

லெட் ஆசிட் டியூபுலர் பேட்டரிகளையும் சிலர் கேட்பார்கள். சிறு உல்லாசப் படகுக்குச் சரி. பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் தேய்கிறது, கனம் அதிகம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டம் வேண்டும். பயணிகள் சேவைக்கு வேண்டாம்.

இரண்டில் எது? கிராமத்துக் கடவு, குறுகிய தூரம், ஆறு நாட்டுக்குள் வேகம், இரவில் படகு சும்மா நிற்கும் என்றால் யோசிக்காமல் ஆதித்யா வழி. நகரத்தில், பத்து நிமிடத்துக்கு ஒரு படகு, பின்னிரவு வரை ஓட்டம், தனியாகப் பராமரிப்புக் குழுவும் பணிமனையும் உண்டு என்றால் எல்டிஓவின் விலைக்கு நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு படகுக்காக வேகச் சார்ஜர் நிறுவுவது வீண். பல ஊர்களில் படகை வாங்குகிறவர்களுக்கு இரண்டரை நாட் கூடுதல் வேகம் கௌரவமாகத் தெரிகிறது. அந்தக் கௌரவத்துக்கு மூன்று மடங்கு திறனும் வேறொரு பேட்டரியும் கரையில் ஒரு துணை மின்நிலையமும் கேட்கும் என்பதை யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

எதை வாங்கினாலும் டெண்டரிலேயே சில வரிகளை எழுதி வாங்கிவிடுங்கள்: முழு வயரிங் படம், உதிரி பிஎம்எஸ் பலகைகள், பிஎம்எஸ் மென்பொருளும் அதன் கடவுச்சொல்லும் படகை ஓட்டுகிற துறையின் கையில், பேட்டரி உத்தரவாதம் ஆண்டில் மட்டுமல்லாமல் மிஞ்சியிருக்க வேண்டிய கொள்ளளவு இத்தனை சதவீதம் என்றும். கடவுச்சொல் கட்டியவரிடமே இருந்தால் ஒரு செல் பழுதுக்கும் அவர் வரும்வரை படகு துறையில் கட்டிக் கிடக்கும்.