வரி வாங்க யாரை நம்பலாம்: கணினியா, ரசீதா, கமிஷனா, ஆளா?

தேக்கா காப்பிக்கடையாக இருந்தாலும் சரி, குடும்ப வாட்ஸ்அப் குழுவாக இருந்தாலும் சரி, ஊர்ப் பக்கம் வரி ஏய்ப்பு என்று பேச்சு எழுந்தால் சிங்கப்பூரில் இருக்கிற நம்மவர்கள் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான். "இங்க மாதிரி எல்லாத்தையும் ஆன்லைன்ல போட்டுட்டா தன்னால கட்டுவாங்க."

இங்கே நடப்பது என்ன? ஏப்ரல் வாக்கில் வருமான வரிப் பக்கத்தைத் திறந்தால் நம் சம்பளம் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் அந்த விவரத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு நேரே அனுப்பியாக வேண்டும். இந்தியாவில் இருப்பதுபோல மாதாமாதம் சம்பளத்தில் வரிப் பிடித்தம் கிடையாது. பலர் ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறையில், பன்னிரண்டு தவணையாகக் கட்டுகிறார்கள். கட்டாமல் இழுத்தடித்தால் ஆணையம் வங்கிக் கணக்கிலிருந்தே எடுக்க முடியும். வேலையை விட்டுவிட்டு நாடு திரும்பும் வெளிநாட்டு ஊழியர் பற்றி முதலாளி ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும், அவருக்குத் தரவேண்டிய பணத்தையும் பிடித்து வைக்க வேண்டும். ஆக, ஆள் வாய் திறப்பதற்கு முன்பே தகவல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்படியிருந்தும், ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளிக்குக் கீழ் இருக்கும் கடையைப் பொருள், சேவை வரிக்குக் கட்டாயம் பதியச் சொல்வதில்லை. சின்னக் கடைகளைத் துரத்துவதில் லாபமில்லை என்று இங்கேயே விட்டுவைத்திருக்கிறார்கள்.

பெரும்பாலோர் கைக்காசுக்கு வேலை செய்யும் நாட்டில் இதை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. அங்கே அரசுக்கு முன்னால் இருக்கும் வழிகள் வேறு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொருளாதார ஆய்வாளர்கள் அவற்றைக் களத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வரிசை நம்ம காப்பிக்கடைத் தீர்ப்புக்கு நேர் எதிராக வருகிறது.

முதலில் அந்தக் கணினி வழியையே எடுத்துக்கொள்வோம். எக்குவடோரில் வரித்துறையிடம் மூன்றாம் தரப்புத் தகவல் இருந்தது. இந்த நிறுவனம் இவ்வளவுக்கு விற்றிருக்கிறது என்பதை வாங்கியவர்களின் கணக்கே காட்டிக் கொடுத்தது. நிறுவனம் அறிவித்த வருவாயோ குறைவு. வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டிக் கடிதம் போனது. பல நிறுவனங்கள் பதிலே போடவில்லை. பதில் போட்டவை வருவாயைத் திருத்தி உயர்த்தின. ஆனால் உயர்த்திய ஒவ்வொரு டாலருக்கும் செலவுக் கணக்கில் 96 சென்ட்டைச் சேர்த்துக்கொண்டன! வருவாய்க்கு ஆதாரம் இருந்தது, செலவைச் சரிபார்க்க ஆள் இல்லை. கணக்கு எழுதிப் பழகிய யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

அதே கடித வழி சிலியில் வேறு மாதிரி வேலை செய்தது. டினா பொமரன்ஸ் 2015ல் வெளியிட்ட ஆய்வு அது. நான்கு லட்சத்துக்கும் அதிகமான நிறுவனங்களை வைத்து, அவற்றில் ஒரு பகுதிக்கு 'உங்கள் கணக்கு கவனிக்கப்படுகிறது' என்ற தொனியில் கடிதம் அனுப்பினார்கள். நிறுவனம் நிறுவனத்துக்கு விற்கும் இடத்தில் பெரிய மாற்றமில்லை, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே காகிதத் தடம் இருந்தது. வாங்குபவர் தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள ரசீது கேட்பார், விற்பவர் அதை மறைக்க முடியாது. கடைசிப் படியில், நம்மைப் போன்ற வாடிக்கையாளருக்கு விற்கும் இடத்தில்தான் கடிதம் கடித்தது. இன்னொரு சோதனையில், தணிக்கை வரப்போகிறது என்று சிறு நிறுவனங்களுக்குச் சொன்னதும் அவற்றுக்குச் சரக்கு கொடுத்தவர்களும் கூடுதலாகக் கட்டத் தொடங்கினார்கள். இவ்வளவு மலிவான கருவி வேறில்லை. ஆனால் ஏற்கெனவே தடமும் பயமும் உள்ள ஊருக்குத்தான் அது உதவும். தணிக்கையாளர் வந்தே பார்க்காத ஊரில் கடிதம் பஜ்ஜி மடிக்கத்தான் போகும்.

கடைசிப் படியில் ஓட்டை என்றால் அதை அடைக்க வாடிக்கையாளரையே காவலுக்கு வைத்தால் என்ன? ரசீதுக் குலுக்கல் என்ற யோசனை அங்கிருந்துதான் வருகிறது. தைவான் 1951லேயே இதைத் தொடங்கிவிட்டது. பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலம் 2007ல் தொடங்கியது. கடையில் வரி எண்ணைச் சொல்லி ரசீது வாங்கினால் வரியில் ஒரு பங்கு திரும்ப வரும், மாதக் குலுக்கலிலும் இடம் உண்டு. கடைக்காரர் ரசீதைப் பதிவேற்றவில்லை என்றால் இணையத்திலேயே புகார் செய்யலாம். ஜோவானா நரிடோமியின் ஆய்வுப்படி நான்கு ஆண்டுகளில் கடைகள் அறிவித்த விற்பனை குறைந்தது 21 சதவீதம் உயர்ந்தது. இங்கேயும் கடைகள் செலவுக் கணக்கை ஏற்றின. பரிசு, தள்ளுபடி எல்லாம் போக வரி வருவாய் கூடியது 9.3 சதவீதம். மோசமில்லை.

இந்தியாவும் 2023 செப்டம்பரில் 'மேரா பில் மேரா அதிகார்' என்று முயன்றது, முதல் கட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. 200 ரூபாய்க்கு மேல் உள்ள பில்லைப் பதிவேற்றினால் பத்தாயிரத்திலிருந்து ஒரு கோடி வரை பரிசு. மளிகைக் கடையிலும் ஓட்டலிலும் இது எடுபடலாம். வீடு கட்டும்போது எடுபடுமா? டைல்ஸ் கடையில் வெள்ளைத் துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுவிட்டுக் கேட்பார்களே: "பில் போட்டா பதினெட்டு பெர்சென்ட் மேல வரும் சார், வேணாம்னா இந்தச் சீட்டுலயே முடிச்சிரலாம்." ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு பதினெட்டாயிரம் கையிலேயே மிச்சம். எந்தக் குலுக்கல் அதை வெல்லும்? குலுக்கல் சில்லறைக்கான மருந்து, மொத்தத்துக்கு அல்ல என்பது என் எண்ணம்.

அடுத்தது, வசூலிப்பவருக்குக் கமிஷன். இந்தப் பேச்சுக்குச் சிங்கப்பூரிலேயே பழைய வரலாறு உண்டு. 1820ல் தொடங்கி, 1910ல் அரசே அபின் வியாபாரத்தைக் கையில் எடுக்கும் வரை காலனி ஆட்சி அபின் வரியைக் குத்தகைக்கு விட்டுத்தான் வாழ்ந்தது. பல ஆண்டுகளில் அரசு வருவாயில் பாதியளவு அதிலிருந்தே வந்தது. குத்தகைதாரர் யாரை எப்படிக் கசக்கினார் என்று அரசு கேட்டுக்கொள்ளவில்லை. இப்படிக் கெட்ட பெயர் வாங்கிய வரிக் குத்தகை பின்னர் பெரும்பாலான நாடுகளில் கைவிடப்பட்டது.

அதன் இளைய வடிவம் ஒன்றை பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் அட்னான் கான், ஆசிம் குவாஜா, பெஞ்சமின் ஓல்கன் மூவரும் சொத்து வரித்துறையுடன் சேர்ந்து சோதித்தார்கள். கூடுதலாக வசூலாகும் பணத்தில் 20 முதல் 40 சதவீதம் வரை வசூல் குழுவுக்கு. இரண்டு ஆண்டு முடிவில் கமிஷன் உள்ள வட்டங்களில் வருவாய் வளர்ச்சி மற்ற வட்டங்களைவிட 46 சதவீதம் வேகமாக இருந்தது. எண்ணைப் பார்த்தால் கை தட்டத் தோன்றும். உள்ளே போனால் கதை வேறு. பதிவேட்டில் புதிதாகச் சரியான மதிப்போடு ஏறிய சொத்துகள் கொஞ்சம்தான், கூடுதல் வரி முழுக்க அவற்றின் சொந்தக்காரர்களிடமிருந்துதான் வந்தது. மற்ற வீட்டுக்காரர்களின் வரி மாறவில்லை, லஞ்சத்தின் விலைதான் ஏறியது. உங்களை விட்டுவிட்டால் எனக்குக் கமிஷன் போகிறதே, அதை நீங்களே கொடுங்கள் என்ற கணக்கு! அரசுக்கு லாபம், ஊழியருக்கு லாபம், தெருவுக்கு நஷ்டம். அதே குழு பின்னர் பணத்துக்குப் பதிலாக, நன்றாக வசூலித்தவருக்கு விரும்பிய இடத்துக்கு மாற்றல் என்று சோதித்தபோதும் வசூல் வளர்ச்சி 30 முதல் 41 சதவீதம் வரை வேகமெடுத்தது. மாற்றல் உத்தரவின் மதிப்பு நம்ம ஊர் அரசு ஊழியர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கமிஷனைவிட இதுவே எனக்குப் பிடிக்கிறது.

ஊர்த் தலைவரை வசூலுக்கு விடுவது இன்னொரு வழி. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கனங்கா நகரில் 2018ல் சொத்து வரியைச் சில பகுதிகளில் அரசு ஆட்களும் சில பகுதிகளில் பகுதித் தலைவர்களும் வசூலித்தார்கள். தலைவர்கள் வசூலித்த இடத்தில் வருவாய் 44 சதவீதம் கூடுதல். யாரிடம் காசு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும், அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். அரசு ஆட்கள் புறப்படும் முன் தலைவரிடம் கேட்டுவிட்டுப் போன இடங்களிலும் பலன் கூடியது. அப்படியானால் தலைவரின் நாக்கு போதும், கை வேண்டாம் என்றுதான் நான் படிக்கிறேன்.

எனக்கு முதலிடத்தில் வருவது இவற்றிலெல்லாம் சுவாரசியம் குறைந்தது, இந்தோனேசியாவின் வழி. 2000களில் வட்டாரத்துக்கு வட்டாரம் அளவில் முதல் சில நூறு நிறுவனங்களைத் தனி வரி அலுவலகத்துக்கு மாற்றினார்கள். வேறு வித்தை எதுவும் இல்லை, ஒரு நிறுவனத்துக்கு இத்தனை வரித்துறை ஊழியர் என்ற விகிதம் பல மடங்கு உயர்ந்தது, அவ்வளவுதான். ஆறு ஆண்டுகளில் அந்த நிறுவனங்கள் கட்டிய வரி இரட்டிப்புக்கும் மேல் போனது. இதே பணத்தை வரி விகிதத்தை ஏற்றித் திரட்டுவதானால் எல்லா நிறுவனங்களுக்கும் எட்டு சதவீதப் புள்ளி ஏற்ற வேண்டியிருக்கும் என்று 2021ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. எக்குவடோரில் செலவுக் கணக்கைப் பார்க்க இல்லாமல் போன ஆள், இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குலுக்கல் விளம்பரத்துக்கு அமைச்சர் வருவார், மேசை போட்டு ஆள் உட்கார வைப்பதற்கு யார் வருவார்? அதனால்தான் இந்த வழி பேச்சில் அடிபடுவதில்லை போலும்.

விகிதம் என்றதும் மீண்டும் கனங்காதான் நினைவுக்கு வருகிறது. அங்கேயே சில வீடுகளுக்கு வரியை 17, 33, 50 சதவீதம் என்று குறைத்தும் பார்த்தார்கள். இருந்த விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால்தான் வருவாய் உச்சத்தைத் தொடும் என்று தெரிந்தது. ஆனால் வசூலிப்பவர்களில் மிக மந்தமான கால் பங்கினரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சராசரி ஆளைப் போட்டால், அந்த உச்ச விகிதமே 42 சதவீதம் மேலே போகிறது. கெட்டிக்காரர் தேவையில்லை, சராசரி ஆள் போதும்.