மக்களைத் தேடி மருத்துவம்: வீட்டுக்கு வரும் தன்னார்வலரும் அவர் கைப்பேசியும்

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டமாகத்தான் பலரும் அறிந்திருக்கிறார்கள். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ள என் தாயாருக்காக இச்சேவையைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், மாத்திரையைவிட அதன் பின்னால் இருக்கும் கணக்கையே நான் பெரிதாக மதிக்கிறேன். யாருக்கு எப்போது அழுத்தம் பார்த்தது, எவ்வளவு இருந்தது, மருந்து கொடுத்து எத்தனை நாளாயிற்று என்ற அந்தக் கணக்கு, வீடு வீடாக வரும் பெண்ணின் கைப்பேசிச் செயலியில் ஏறுகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் இது. அதற்கு முன் 2020-இல் மாநில அளவில் நடந்த ஆய்வின்படி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை அப்போதும் இலவசம்தான். ஆனால் பேருந்து பிடித்துப் போய், ஒரு நாள் கூலியை இழந்து, வரிசையில் நின்று, உடம்பில் எந்த வலியும் காட்டாத ஒரு நோய்க்காக மாதந்தோறும் மருந்து வாங்குவது பலருக்கு இயலாத காரியமாக இருந்தது. இரண்டு மூன்று மாதம் போய்விட்டு நின்றுவிடுவார்கள். நின்றுவிட்டார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. இந்த இடைவெளியைத்தான் செயலி அடைக்கிறது.

எங்கள் தெருவுக்கு வருபவர் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து தேர்வான தன்னார்வலர். அடுத்த தெருக்காரர், உறவுமுறையில் என் தாயாரை ‘அத்தை’ என்றே அழைப்பவர். பையில் மின்னணு இரத்த அழுத்தக் கருவி, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, மருந்துப் பொட்டலங்கள் ஆகியவை இருக்கும். ஒருமுறை அழுத்தம் 158/94 என்று காட்டியது. 140/90-க்குக் கீழே இருக்கவேண்டிய அளவு. முந்தைய வருகையில் நன்றாகவே இருந்ததைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, “அத்தை, மாத்திரை அட்டைய எடுத்துட்டு வாங்க” என்றார். அட்டையில் தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரைகளில் ஏறக்குறையப் பாதி அப்படியே இருந்தன. “முழுசாப் போட்டா கால் வீங்குது தாயி, அதான் பாதி பாதியா உடைச்சுப் போடுறேன்” என்று என் தாயார் அப்போதுதான் வாய் திறந்தார். மகனாகிய என்னிடம்கூட அவர் சொல்லாத செய்தி அது. தன்னார்வலர் குனிந்து கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினார். குழி விழுந்து சற்று நேரம் அப்படியே நின்றது. இரத்தக் கொதிப்புக்காக என் தாயார் போட்டுவந்த அம்லோடிபின் மாத்திரை சிலருக்கு இப்படிக் கால் வீக்கம் தருவது மருத்துவர்கள் நன்கறிந்த பக்கவிளைவு. தன்னார்வலர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் நாங்கள் சென்றபோது மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். அடுத்தடுத்த வருகைகளில் அழுத்தம் இறங்கியது.

என் மதிப்பீடு முழுவதும் இந்த நிகழ்ச்சியை ஒட்டியே அமைகிறது. பழைய எண்ணைக் கைப்பேசி காட்டியிராவிட்டால் அவருக்குச் சந்தேகம் எழுந்திராது. அதே வேளையில், எண்ணை மட்டும் பதிந்துகொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தால் ‘கட்டுப்பாட்டில் இல்லாதவர்’ என்ற ஒரு பதிவு மட்டுமே மிஞ்சியிருக்கும். ஒரு நாளில் இத்தனை வீடு என்று கணக்குக் கேட்கும் மேலதிகாரிகள், மாத்திரை அட்டையைப் பார்ப்பதற்கும் இரண்டு வார்த்தை பேசுவதற்கும் ஆகும் நேரத்தை வேலையாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். அந்த நேரத்துக்குத் தகுந்த ஊக்கத்தொகையும் இப்பெண்களுக்கு உரியது.

மாற்றம் வேண்டும் என்று நான் விரும்புபவை இரண்டு. ஒருவர் மாத்திரையை ஏன் நிறுத்தினார் அல்லது குறைத்தார் என்ற காரணம், சீட்டில் மட்டும் நின்றுவிடாமல் எண்களுடன் சேர்ந்து மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்து, பதிந்த அளவு குறுஞ்செய்தியாகக் குடும்பத்தாருக்கும் வந்தால், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நிலைமையை அறிந்துகொள்வார்கள். இப்போதைக்கு நாங்கள் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கிறோம்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புச் செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர் ஆகியோரின் வீட்டு வருகையும் இத்திட்டத்தில் அடங்கும். எங்களுக்குத் தேவைப்படாததால் அதைப் பற்றிக் கருத்துக் கூற எனக்குத் தகுதியில்லை. 2024-இல் தொற்றா நோய்களுக்கான ஐ.நா. பணிக்குழுவின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தபோது, வெயிலில் தெருத் தெருவாக நடக்கும் இப்பெண்களுக்கே அது சேரவேண்டியது என்று மனதார மகிழ்ந்தேன்.

புதிதாகச் சேர்பவர்களுக்குச் சில குறிப்புகள். தனியார் மருத்துவரிடம் பார்ப்பவராக இருந்தாலும் பழைய சீட்டுகளைக் காட்டுங்கள். இல்லையேல் இரண்டு இடத்து மாத்திரையும் சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. தன்னார்வலர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ வேண்டாம். வந்தவுடன் கையை நீட்டாமல், நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். பட்டை சுற்றிய கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பகலில் வேலைக்குப் போகும் ஆண்கள் விடுபட்டுப்போவது அதிகம் என்பதால், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உங்கள் தெருவுக்கு யாரும் வருவதில்லை என்றால் அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்தில் கேட்கலாம். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.