ஆள் போடும் பங்க், நாமே போடும் பங்க்: 15 ஆண்டு அனுபவம்

அமெரிக்காவுக்கு வந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. முதல் 4 ஆண்டுகள் பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் நகரில் இருந்தோம். 2014-இல் நியூஜெர்சிக்கு, எடிசன் பக்கம் வந்தோம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள், நடுவில் டெலவேர் ஆறு மட்டும்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் காருக்கு நாமேதான் கேஸ் போட வேண்டும். இந்தப் பக்கம் நாம் நாசிலைத் தொடவே கூடாது, பங்க் ஆள் வந்துதான் போட வேண்டும், அதுதான் சட்டம். (இங்கே கேஸ் என்றால் பெட்ரோல். புதிதாக வருபவர்களுக்குக் குழப்பம் வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன்.) இரண்டு முறையிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து பார்த்ததால், எது நல்லது என்று கேட்பவர்களுக்கு விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது.

பிட்ஸ்பர்க்கில் பழைய கார் ஒன்று வாங்கிய முதல் வாரம், தனியாகப் போய் ஒரு பங்கில் நிறுத்தினேன். ஊரில் ஸ்கூட்டியை நிறுத்தினால் போதும், "ஜீரோ பாத்துக்கோங்க" என்று ஒரு குரல் வரும். இங்கே யாரும் வரவில்லை. கார்டைச் செருகினால் 5 இலக்க ஜிப் கோடு கேட்டது. என்னிடம் இருந்தது ஊர் வங்கியின் கார்டு, அதன் முகவரிக்கு 6 இலக்கப் பின்கோடு. எப்படி அழுத்தினாலும் மெஷின் ஏற்கவில்லை. பின்னால் இரண்டு கார்கள் காத்திருந்தன. கடைக்குள் போய் 20 டாலரைக் கொடுத்து, பம்ப் எண்ணைச் சொன்னால் அங்கிருந்தே திறந்துவிடுவார்கள் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நாசிலின் கைப்பிடியில் சின்னக் கொக்கி ஒன்று இருக்கிறது, அதை மாட்டிவிட்டால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டாம், டேங்க் நிரம்பியதும் தானாக நின்றுவிடும். டேங்க் மூடி காரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை டேஷ்போர்டில் பெட்ரோல் படத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறி காட்டிக்கொடுக்கும். இவை எல்லாமே ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

அதனால்தான் 2018 ஜனவரியில் நடந்தது என்னைச் சுட்டது. நியூஜெர்சி மாதிரியே சுயசேவையைத் தடை செய்திருந்த இன்னொரு மாநிலம் ஓரிகன். அங்கே மக்கள்தொகை குறைந்த கிராமப்புற மாவட்டங்களில் மட்டும் நாமே போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் தளர்ந்தபோது, சிலர் பயத்தோடும் தயக்கத்தோடும் பேசினார்கள். நாடு முழுக்க அவர்களைக் கேலி செய்தது. வாழ்நாளில் ஒரு முறைகூடச் செய்யாத வேலையை நினைத்துத் தயங்குவதில் சிரிக்க என்ன இருக்கிறது? முதல் நாள் அந்த மெஷின் முன்னால் நின்ற எனக்கு அவர்கள் பக்கம்தான் மனம் போயிற்று.

பழகிய பிறகு சுயசேவை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அதிகாலை 5 மணிக்குப் போனாலும் கார்டைச் செருகிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். மூடியைச் சரியாகத் திருகினோமா என்ற சந்தேகமே வராது, திருகியது நம் கைதானே.

ஆனால் குளிர்காலம் வேறு. பிட்ஸ்பர்க்கின் ஜனவரிக் காற்றில் கையுறையையும் மீறி விரல் மரத்துப்போகும். கொக்கியை மாட்டிவிட்டுக் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வோம், எல்லாரும் செய்வதுதான். அதில் உண்மையான ஆபத்து இருக்கிறது என்று ஒரு பங்கில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் படித்துத்தான் அறிந்தேன். வறண்ட குளிரில் சீட்டில் உரசி உட்கார்ந்து எழும்போது உடம்பில் நிலைமின்சாரம் சேரும். அதோடு இறங்கிப் போய் நாசிலைத் தொட்டால், அங்கே இருக்கும் பெட்ரோல் ஆவியில் பொறி பட்டுத் தீப்பிடிக்கலாம். அப்படி நடந்த விபத்துகள் உண்டு. கட்டாயம் ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், இறங்கியதும் நாசிலுக்குத் தள்ளி இருக்கும் வெறும் உலோகத்தை, கார்க் கதவையோ வேறெதையோ, முதலில் தொட்டுவிட வேண்டும். தீ பிடித்துவிட்டால் நாசிலை வெளியே இழுக்கவே கூடாது. விலகிப் போய்க் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

2013-இல் மகள் பிறந்தாள். குழந்தை பின் சீட்டில் தூங்கும், டேங்க் காலியாக இருக்கும், கடைக்குள் போய்ப் பணம் கட்ட வேண்டும். குழந்தையைக் காரில் விட்டுப் போவதா, தூக்கத்தைக் கலைத்துக் குளிரில் தூக்கிக்கொண்டு போவதா? வாரத்துக்கு ஒரு முறை இந்தத் தவிப்பு. பின்னாளில் ஓரிகனின் பழைய சட்டத்தைப் படித்தேன். சுயசேவை ஏன் கூடாது என்பதற்கு 17 காரணங்களை அடுக்கியிருந்தார்கள். தீ ஆபத்து, மழையில் வழுக்கும் தரை, ஆவியைச் சுவாசிப்பது, முதியோர், மாற்றுத்திறனாளிகள் என்று போகும் அந்தப் பட்டியலில், குழந்தைகளைக் காரில் தனியே விட வேண்டியிருப்பதும் ஒரு காரணம். யாரோ என் நிலையில் நின்று யோசித்திருக்கிறார்கள் என்று பட்டது.

அடுத்த ஆண்டே நியூஜெர்சிக்கு வந்தோம். கண்ணாடியை இறக்கி "ரெகுலர், ஃபில் பண்ணுங்க, கேஷ்" என்றால் முடிந்தது. முதல் மாதம் அது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்று தேடியபோது கிடைத்த கதை சுவையானது. 1940-களின் கடைசியில் நியூஜெர்சியின் ஹேக்கன்சாக் ஊர்ப் பக்கம் இர்விங் ரைன்கோல்ட் என்பவர் 24 பம்ப்களோடு ஒரு பெரிய சுயசேவை பங்க் திறந்தார். மற்ற பங்குகளில் ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) 21.9 சென்ட் விற்றபோது இவர் 18.9 சென்டுக்குக் கொடுத்தார். கூட்டம் அங்கே குவிந்தது. போட்டி பங்க்காரர்கள் சட்டமன்றத்தை நாடினார்கள். 1949-இல் தீ ஆபத்தைக் காரணம் காட்டித் தடைச் சட்டம் வந்தது, மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஓரிகனில் 1951-இல் தடை வந்தது. ஆக, பாதுகாப்பு என்று சட்டத்தில் எழுதியிருந்தாலும், நியூஜெர்சியில் அதன் வேர் வியாபாரப் போட்டிதான். அதற்காகச் சட்டமே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வந்த வழி எதுவானாலும், 70 ஆண்டுகளுக்கு மேல் மக்கள் அதை வேண்டி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2006-இல் ஆளுநர் ஜான் கார்சைன், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் சோதனையாகச் சுயசேவை வைத்துப் பார்க்கலாமா என்றார். வந்த எதிர்ப்பில் திட்டத்தைக் கைவிட்டார். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஈகிள்டன் மையம் 2022-இல் எடுத்த கருத்துக்கணிப்பில் 73 சதவீதம் பேர் ஆள் வந்து போடுவதையே விரும்பினார்கள். நாமே போட வேண்டும் என்றவர்கள் 22 சதவீதம்தான். ஓரிகன் மக்களும் 1982-இல் சுயசேவை வேண்டுமா என்று வாக்கெடுத்து, வேண்டாம் என்றார்கள்.

விலை விஷயத்தில் என் கருத்து முழுக்க மாறியது. ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதனால் நியூஜெர்சியில் கேஸ் விலை கூடுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். நேர்மாறாக இருந்தது. ஆள் போட்டுக் கொடுத்தும் பென்சில்வேனியாவை விட இங்கே மலிவு. ஆற்றின் அந்தப் பக்கத்து ஆட்கள் பாலம் தாண்டி வந்து போட்டுக்கொண்டு போவார்கள். காரணம் வரி. அன்று நியூஜெர்சியின் கேஸ் வரி காலனுக்கு 14.5 சென்ட், நாட்டிலேயே மிகக் குறைந்த வரிகளில் ஒன்று. பென்சில்வேனியாவில் வரி மிக அதிகம். 2016 நவம்பரில் இங்கே வரி சுமார் 23 சென்ட் ஏறியது. பங்கில் அதே ஆட்கள்தான் நின்றார்கள், ஆனால் மலிவு என்ற பெயர் போய்விட்டது. சம்பளச் செலவே இல்லை என்று சொல்லவில்லை. நம் பில்லை அதிகம் ஆட்டுவது வரியும் கச்சா எண்ணெய் விலையும் என்பதை இந்த இரண்டு மாநில ரசீதுகளில் கண்ணாரப் பார்த்தேன். சுயசேவை வந்தால் விலை குறைந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் இப்போது நம்ப மாட்டேன்.

குறைகளும் நிறைய. 8 பம்ப்புக்கு ஒரே ஆள் ஓடிக்கொண்டிருப்பார். தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த ஞாயிறு நெடுஞ்சாலை பங்கில் மாட்டினால் அரை மணி நேரம் போய்விடும். நம் கார்டு இன்னொருவர் கைக்குப் போகிறது. ஒரு முறை ரெகுலர் என்று சொன்னது அவர் காதில் சரியாக விழாமல் பிரீமியம் போட்டுவிட்டார், 12 டாலர் கூடுதலாகப் போயிற்று. இன்னொரு முறை மூடியை மாட்டாமலே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கிளம்பும் முன் பக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன். நீங்களும் பாருங்கள்.

2019 ஜனவரியில் வாசல் பனியில் வழுக்கி வலது மணிக்கட்டு உடைந்தது. 6 வாரம் கட்டு. அந்த 6 வாரமும் நியூஜெர்சியில் கேஸ் போடுவது ஒரு பிரச்சினையாகவே இல்லை. கட்டுப் பிரித்த மறுவாரம், கையில் பலமே இல்லாத நிலையில், பென்சில்வேனியாவின் அலென்டவுனில் ஒரு உறவினர் வீட்டுக்குத் தனியாகப் போய்த் திரும்பும்போது டேங்க் காலி. நாசிலைத் தூக்கிக் கைப்பிடியை அழுத்த முடியவில்லை. மாற்றுத்திறனாளிகள் கேட்டால் சுயசேவை பங்கிலும் கூடுதல் கட்டணம் வாங்காமல் உதவ வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு பணியாளர் மட்டும் இருக்கும் நேரத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அன்று உள்ளே ஒரே ஒரு பையன்தான் இருந்தான், கல்லாவை விட்டு வர முடியாது என்று வருத்தத்தோடு சொன்னான். பக்கத்துப் பம்ப்பில் இருந்த ஒரு பெண்மணி வந்து போட்டுக் கொடுத்தார். எனக்கு ஒரு நாள். கீல்வாதத்தோடு இருப்பவர்களுக்கு, தனியாகக் கார் ஓட்டும் 80 வயதுக்காரர்களுக்கு ஒவ்வொரு வாரமும் இதே நிலைதானே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

2024 கோடையில் ஓரிகனின் போர்ட்லண்ட் நகருக்குப் போயிருந்தோம். ஓரிகனில் 2023 ஆகஸ்டில் ஆளுநர் டினா கோடெக் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். போர்ட்லண்ட் போன்ற ஊர்கள் இருக்கும் 16 பெரிய மாவட்டங்களில், ஒரு பங்கில் பாதிப் பம்ப்கள் வரை சுயசேவைக்கு விடலாம், மீதியில் ஆள் நிற்க வேண்டும். முக்கியமாக, இரண்டுக்கும் ஒரே விலை. என் கணவர் முதல் நாள் தானே போட்டார். இரண்டாம் நாள் நல்ல மழை, ஆள் இருக்கும் பக்கம் போனோம். அவசரக்காரர்கள் ஒரு பக்கம், உதவி தேவைப்பட்டவர்கள் இன்னொரு பக்கம் என்று தானாகப் பிரிந்து நின்றார்கள். எந்தப் பக்கமும் முகச்சுளிப்பு இல்லை. நான் பார்த்த ஏற்பாடுகளில் இதுதான் நியாயமானது.

எடிசனில் நான் வழக்கமாகப் போகும் பங்கில் ஒரு பஞ்சாபிப் பெரியவர் வேலை பார்க்கிறார். இதை அவரிடம் சொன்னேன். "பாதி என்று ஆரம்பிப்பார்கள், அப்புறம் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்றார். அவர் பயத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. 2022-இல் நியூஜெர்சியில் சுயசேவைக்கு மசோதா வந்தபோது, வேலைக்கு ஆள் கிடைக்காமல் பம்ப்களை மூடி வைக்க வேண்டியிருக்கிறது என்று பங்க் உரிமையாளர்கள் சொன்னார்கள். அதுவும் கேட்க வேண்டிய குறைதான். அந்த மசோதா நிறைவேறவில்லை. மறுபடி ஒன்று வந்தால், எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதப்போகிறேன். இரண்டு பக்கமும் ஒரே விலை என்பதும், பாதிப் பம்ப்பில் ஆள் நிற்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால் ஆதரிப்பேன். இல்லையென்றால் இப்போது இருப்பதே இருக்கட்டும் என்பேன்.