கேம் பாஸ் சந்தாவும் ஜோர்டன் டேவிஸ் பஞ்சாயத்தும்: காசு கட்டலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தை ஜாலியாகப் பார்த்துவிட்டுப் போக மட்டும் என்றால் யூடியூப்பில் அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லே போடுகிற ஹைலைட்ஸ் போதும், அது ஓசி. ஆனால் ஒரு ஆட்டக்காரன் தேறுவானா மாட்டானா என்று அடுத்தவன் வாயைப் பார்க்காமல் நாமே முடிவு கட்ட வேண்டும், அதுவும் பந்தைத் தொடவே தொடாத டிஃபன்ஸ் லைன் ஆளைப் பற்றி (எதிரணியைத் தடுக்க முன்வரிசையில் நிற்கிறவர்) என்றால், முழு ஆட்டம் கையில் இல்லாமல் ஒன்றும் ஆகாது. அந்த ஒரு வேலைக்குத்தான் நான் கேம் பாஸ் கட்டுகிறேன், அந்த ஒரு வேலையை வைத்துத்தான் இந்த ரிவ்யூவும்.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கான என்எஃப்எல் சந்தா இது, 2023இல் இருந்து டசோன் ஆப் வழியாக வருகிறது. நேரலை, முடிந்த ஆட்டத்தின் முழு ரீப்ளே, இடைவெளிகளை வெட்டிய சுருக்க ரீப்ளே, அப்புறம் எல்லா மைதானத்துக்கும் தாவித் தாவிக் காட்டுகிற ரெட்ஸோன். விலையை இங்கே எழுதினால் நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும், அதனால் ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரலை நமக்கு ஒத்துவருமா என்பது உங்கள் தூக்கத்தைப் பொறுத்தது. சீசன் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை முதல் செட் ஆட்டங்கள் நம்மூர் இரவு 10:30க்கு, அடுத்த செட் நள்ளிரவு தாண்டி 1:55க்கு, கடைசி ஆட்டம் திங்கள் காலை 5:50க்கு. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு ராத்திரி முழிப்பு புதுசு இல்லை, பையர் மெயில் எப்போது வரும் என்று எப்படியும் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருப்போம், அதனால் 10:30 ஆட்டம் எனக்குத் தாராளமாக ஓடும். 1:55 ஆட்டத்தை நேரலையில் பார்த்துவிட்டு திங்கட்கிழமை காலையில் தையல் யூனிட்டில் போய் நின்றால் சூப்பர்வைசர் பேசுவது காதில் ஏறாது. அது ரீப்ளேவுக்குத்தான். ரெட்ஸோன் கலகலப்பாக இருக்கும், ஆனால் லைன்மேனை எடைபோட அது சல்லிக்காசுக்கு உதவாது, அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம். என் அக்கா வீட்டுக்காரர் நியூ ஜெர்சியில் இருக்கிறார், பிலடெல்பியா ஈகிள்ஸ் வெறியர். எனக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கிவிட்டதே அவர்தான். அவருக்கும் எனக்கும் அந்த அணியின் டிஃபன்ஸ் லைன் ஆளான ஜோர்டன் டேவிஸ் விஷயத்தில் வருடக்கணக்காக ஒத்துப்போகவில்லை. 2024 சீசன் முடியும்போது கூட போனில் அதே பல்லவிதான்: "மூணு வருசத்துல மூன்றரை சேக்குங்க மாப்ள. இதுக்கா மேல ஏறிப் போயி எடுத்தாங்க?"

சேக் என்றால் பந்தை வீசப் போகிற குவார்ட்டர்பேக்கை, வீசுவதற்கு முன்பே பிடித்துக் கீழே போடுவது. மேலே ஏறி எடுத்தது என்றால், புது ஆட்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் முன் இடத்துக்குப் போய் எடுத்தது; அங்கே ஒவ்வொரு தேர்வு வாய்ப்பும் ஒரு பிக். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. டேவிஸ் சாதாரணமாக வந்த ஆள் இல்லை. ஜார்ஜியா பல்கலைக்கழக அணி 2021 சீசனில் சாம்பியன் ஆனபோது நடுவில் நின்ற ஆள், அந்த வருடமே அவுட்லேண்ட், பெட்னாரிக் என்று இரண்டு பெரிய விருது. 6 அடி 6 அங்குலம், 341 பவுண்டு, அதாவது 155 கிலோ பக்கம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு 2022 தேர்வுச் சோதனையில் 40 யார்டை 4.78 வினாடியில் ஓடினார். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஈகிள்ஸ் 15ஆம் இடத்தில் இருந்தது, ஹூஸ்டனுக்கு கூடுதலாக மூன்று பிக் கொடுத்து 13க்கு ஏறி வந்து இவரை எடுத்தது. அடுத்த 14ஆம் இடத்தில் பால்டிமோர் எடுத்தது கைல் ஹாமில்டனை. அவர் இன்று லீகின் முதல்தர சேஃப்டிகளில், அதாவது கடைசி வரிசைத் தடுப்பாளர்களில், ஒருவர். டேவிஸின் சேக் கணக்கோ முதல் வருடம் பூஜ்யம், இரண்டாம் வருடம் இரண்டரை, மூன்றாம் வருடம் ஒன்று. பேப்பரில் பார்த்தால் மச்சான் சொல்வதுதான் சரி.

பேப்பரை விட்டுவிட்டு ரீப்ளேவைப் போடுங்கள். டேவிஸ் 90ஆம் நம்பர், பெரும்பாலும் எதிரணி முன்வரிசையின் நடுவில் பந்தைக் கிளப்பிவிடுகிற சென்டருக்கு நேர் எதிரே அல்லது அவர் தோளுக்குப் பக்கத்தில் நிற்பார். பந்து கிளம்பியதும் பந்தைப் பார்க்காதீர்கள், அதுதான் ரொம்பக் கஷ்டம், கண் தானாக அந்தப் பக்கம் போகும். 90ஐயே பாருங்கள். சென்டரும் அவர் பக்கத்தில் நிற்கிற கார்டும் இரண்டு பேராகச் சேர்ந்து இடுப்பில் கையைக் கொடுத்து இவரைத் தள்ளுவார்கள். அவர்கள் திட்டம் என்னவென்றால், இவரை ஒரு அடி பின்னால் நகர்த்திவிட்டு இரண்டு பேரில் ஒருவர் கழன்று போய் டேவிஸுக்குப் பின்னால் நிற்கிற லைன்பேக்கரைப் பிடிக்க வேண்டும். டேவிஸ் நகரவில்லை என்றால் அந்த ஆள் கழல முடியாது. கழல முடியாவிட்டால் லைன்பேக்கர் சும்மா நடந்து வந்து பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துக் கீழே போடுவார். எதிரணிக்குக் கிடைத்தது இரண்டு யார்டு. கமெண்டரியில் லைன்பேக்கர் பெயர் வரும், கணக்கிலும் டேக்கிள் அவர் பெயரில்தான் ஏறும். நம்மூர் கபடியில் ரெய்டருக்குப் போகிற வழியை அடைத்தவன் ஒருவன், கால் பிடித்த கார்னருக்குப் பாயிண்ட், அந்த மாதிரிதான். 2024இல் ஜாக் பான் என்ற லைன்பேக்கர் ஒரு வருட ஒப்பந்தத்தில் சும்மா வந்து சேர்ந்தவர், ஆல்-ப்ரோ (அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியல்) ஆகிவிட்டார். அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் முன்னால் நிற்கிறவர்கள் யாரையும் கழலவிடாமல் பிடித்துவைத்ததும் அதில் இருக்கிறது. அந்த வருடம் எதிரணிக்குக் குறைவாக யார்டு கொடுத்ததில் லீகிலேயே முதல் டிஃபன்ஸ் ஈகிள்ஸ்தான்.

இவர் இல்லாதபோது என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 அக்டோபர் கடைசியில் பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டு சில வாரம் வெளியே உட்கார்ந்தார். அதுவரை தோற்காத அணி, வாஷிங்டன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி ஓடியே நேரத்தைத் தின்றதில், 32-21 என்று முதல் தோல்வியை வாங்கியது. அந்த வாரமே 34 வயது லின்வல் ஜோசஃபையும் 35 வயது என்டமுகாங் சூவையும் அவசரமாகக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். ஒரு ஆள் வேலைக்கு இரண்டு அனுபவஸ்தர். இதுவும் எந்தச் சேக் கணக்கிலும் வராது.

இப்போது கேம் பாஸில் எதைப் பார்க்க வேண்டும் என்கிற விஷயம், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சுருக்க ரீப்ளே முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், ஒரு தடவை பந்து ஆடி முடிந்ததற்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் கூடி நிற்பது, நடப்பது எல்லாம் போய்விடும். நேரம் மிச்சம்தான், நானும் பாதி நாள் அதைத்தான் பார்ப்பேன். ஆனால் டேவிஸ் மாதிரி ஆளை எடைபோட அது பத்தாது. ஏனென்றால் அவர் மேல் இருக்கிற உண்மையான குறை அந்த வெட்டிப் போட்ட இடைவெளியில்தான் இருக்கிறது. முழு ரீப்ளேயில் பாருங்கள்: இரண்டாம் டவுன் (10 யார்டு நகரக் கிடைக்கிற நான்கு முயற்சியில் இரண்டாவது) முடியும், எதிரணிக்கு இன்னும் 8 யார்டு பாக்கி, எல்லாருக்கும் தெரியும் பந்தை வீசத்தான் போகிறார்கள் என்று, அப்போது 90 இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக ஓரக்கோட்டுக்கு நடப்பார். அவருக்குப் பதில் சின்ன உடம்பு வேகக்காரர் ஒருவர் உள்ளே ஓடுவார். சுருக்க ரீப்ளேயில் இது தெரியவே தெரியாது, மூன்றாம் டவுனில் ஆள் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கிற வாய்ப்பு அதிகம் இருக்கிற டவுனில் ஆள் மைதானத்திலேயே இல்லை, அப்புறம் சேக் எங்கிருந்து வரும்? மூன்றாவது வருடத்தில் கூட அணியின் டிஃபன்ஸ் ஆடிய தடவைகளில் பாதிக்கும் குறைவாகத்தான் அவர் உள்ளே இருந்தார்.

ஆக என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. ஆள் சொத்தை இல்லை. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறார். விலைதான் கூடுதல், முதல் மூன்று வருடம் பெரும்பாலும் இரண்டு டவுன் மட்டும் நின்ற ஆளுக்கு 13ஆம் பிக்கும் மேலே ஏற மூன்று பிக்கும் அதிகம். எங்க அப்பா ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அந்தப் பெரிய பையன் பந்தையே தொடமாட்டீங்கறான், அவனுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்றார். நான்கு வருடத்துக்கு 1.7 கோடி டாலர் பக்கம் என்று சொன்னதும் எழுந்து போய்விட்டார்.

சேக்கை மட்டும் வைத்து முத்திரை குத்துகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006இல் ஹூஸ்டன் முதல் பிக்காக மேரியோ வில்லியம்ஸை எடுத்தபோது ஊரே திட்டியது, முதல் வருடம் நாலரை சேக், அவ்வளவுதான் போச்சு என்றார்கள். அடுத்த வருடம் 14. குவின்னன் வில்லியம்ஸ் 2019இல் மூன்றாம் பிக், முதல் வருடம் இரண்டரை, 2022இல் 12. மறுபக்கம் வெர்னன் கோல்ஸ்டன், 2008இல் ஆறாம் பிக், என்எஃப்எல்லில் இருந்த காலம் முழுக்க ஒரு சேக் கூட இல்லை. அவரையும் டேவிஸையும் ஒரே பட்டியலில் வைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கடுப்பாகும். கோல்ஸ்டனை எடுத்ததே குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கத்தான், டேவிஸை எடுத்தது நடுவை அடைக்க. என்ன வேலைக்கு எடுத்தார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாரும் சொத்தைதான்.

இதில் ஹூஸ்டன் கதை தனி வேடிக்கை. டேவிஸுக்காக ஈகிள்ஸ் விட்டுக்கொடுத்த 15ஆம் இடத்தில் ஹூஸ்டன் எடுத்தது கென்யன் கிரீன் என்ற கார்டை. அவர்தான் நிஜமான ஏமாற்றம், 2025 மார்ச்சில் அவரை ஈகிள்ஸுக்கே தள்ளிவிட்டார்கள். இதை மச்சானிடம் சொன்னால் பேச்சை மாற்றுவார்.

2025 பிப்ரவரி சூப்பர் பவுல், அதாவது லீகின் இறுதி ஆட்டம், நமக்குத் திங்கள் காலை 5 மணி. கான்சாஸ் சிட்டியை 40-22 என்று அடித்த ஆட்டம், ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கக் கூடுதல் ஆளை அனுப்பவே இல்லை, முன்வரிசையை மட்டும் வைத்து ஆறு சேக். அதில் ஒன்று டேவிஸுடையது. ஏப்ரலில் அணி அவருடைய ஐந்தாம் வருட ஆப்ஷனை (ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கிற உரிமை) எடுத்துக்கொண்டது. சொத்தை என்று நினைத்திருந்தால் 1.2 கோடி டாலருக்கு மேல் எழுதியிருக்க மாட்டார்கள். அந்தக் கோடையில் உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்தார். செப்டம்பர் 21, ராம்ஸ் ஆட்டம், இது நம்மூர் 10:30 ஆட்டம், நேரலையில் பார்த்தேன். 26-7 என்று பின்தங்கி மேலே வந்து 27-26. கடைசி நொடியில் ராம்ஸ் ஒரு ஃபீல்டு கோல் (கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கிற பாயிண்ட்) அடித்தால் முடிந்தது கதை. டேவிஸ் உள்ளே புகுந்து கையைத் தூக்கினார், பந்து மோதிக் கீழே விழுந்தது, அதை அவரே எடுத்துக்கொண்டு 61 யார்டு ஓடி டச்டவுன், 33-26. அத்தனை பெரிய உடம்பு அப்படி ஓடுவதைப் பார்த்து நான் கத்தியதில் பக்கத்து அறையில் இருந்து திட்டு விழுந்தது. ஆனால் இதை வைத்து அவர் தேறிவிட்டார் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அது ஒரு ஆட்டத்து அதிசயம், ஓசி ஹைலைட்ஸிலேயே கிடைக்கும். அதே ஆட்டத்தின் முழு ரீப்ளேயைப் போட்டு இரண்டாம் டவுனுக்கு அப்புறம் 90 வெளியே நடக்கிறாரா உள்ளேயே நிற்கிறாரா என்று பாருங்கள், பதில் அங்கேதான்.

குறை என்று பார்த்தால், டிவி கேமரா எப்போதும் பந்தோடுதான் போகும், பக்கவாட்டுக் கோணத்தில் லைன் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் மறைந்து நிற்பார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்து எடுத்த காட்சி ஸ்லோ மோஷனில் வந்தால் உண்டு, அதை விடாதீர்கள். காசு கட்டுவதில் எனக்கு இழுத்தடித்தது என் பேங்க்தான், வெளிநாட்டுத் தானியங்கிப் பிடித்தத்தைத் தடுத்துத் தடுத்து, கிளையில் போய்க் கேட்டால் "ஆப்ல இருக்குங்களே" என்று திருப்பி அனுப்பினார்கள். வேறு கார்டில் கட்டினேன். அப்புறம் ரீப்ளே பார்க்கிறவர்கள் போனில் ஸ்கோர் ஆப் ஏதாவது வைத்திருந்தால் ஞாயிறு மாலையே அதன் அறிவிப்பை அடைத்துவிடுங்கள், ஒரு ஆப் சூப்பர் பவுல் அன்று காலையில் எங்கள் ஆபீஸ் நண்பரின் ஆட்டத்தையே கெடுத்துவிட்டது.

5க்கு மூன்றரை தருவேன். குவார்ட்டர்பேக், டச்டவுன் என்று பார்க்கிறவர்களுக்கு இது தேவையில்லாத செலவு. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் சீசன் முழுதுக்கும் கட்டுவதற்கு முன்னால் குறைந்த காலத்துக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள், கிடைத்தால் ஏதாவது ஒரு ஈகிள்ஸ் ஆட்டத்தை முழு ரீப்ளேயில் போட்டு, முதல் பாதி மட்டும், 90ஐ விட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். போர் அடித்தால் புதுப்பிக்க வேண்டாம்.