உள்ளூர்க் கத்தி என்று நம்பி 7,500 ரூபாயை இழந்தேன்: வில்லுக்கத்தி வாங்குவோர் கவனத்துக்கு

யாழ் நகரில் உள்ளூர்க் கைவினைப் பொருட்கள் விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கடை, வில்லுக்கத்தி (மடக்கும் கத்தி) ஒன்றைத் தந்து என்னிடம் 7,500 ரூபாயைப் பறித்திருக்கிறது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அதே மாதிரிக் கத்தி இன்றும் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதால், வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சேர்த்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பிடி பனை வைரம், அலகு பழைய லொறி வில்லுத் தகட்டை உலையில் காய்ச்சி அடித்தது, முழுவதும் எங்கள் ஊர்க் கொல்லரின் கைவேலை என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் பட்டறைகளில் கத்தியும் மண்வெட்டியும் தாராளமாக அடிப்பார்கள். மடக்கும் கத்தி மட்டும் அரிது, ஏனெனில் விரித்த அலகை இறுக்கிப் பிடிக்கும் முதுகுவில்லைப் பதம் பார்த்துப் பொருத்துவது இலேசான வேலையன்று. இதைக் கேட்டபோது கல்லாவில் நின்ற தம்பி தயங்கவே இல்லை. “அந்த வில்லும் லொறித் தகடுதான் அண்ணை. எங்கட ஐயாதான் அடிக்கிறவர், வேணுமெண்டால் பட்டறையையே வந்து பாருங்கோ” என்றார். பட்டறையைக் காட்டத் துணிகிறவர் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்து, 7,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

லொறி வில்லுத் தகட்டில் கரி ஏறத்தாழ 0.6 சதவீதமும், குரோமியம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருக்கும். ஆகவே புளி பட்டால் கறுக்கும், ஈரத்தில் துருவேறும். மாங்காய் வெட்டிக் கழுவாமல் இரவு முழுவதும் விட்டும் இந்த அலகு கண்ணாடி போல மின்னியது. தோட்டத்தில் வாழைத்தடல் கிழித்தபோதோ விரைவிலேயே வாய் மழுங்கிவிட்டது. சந்தேகத்தில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினால், உள்ளே மறைந்திருந்த அடிப்பாகத்தில், அரத்தால் பாதி அராவி அழித்த நிலையில், ‘3சிஆர்13’ என்ற முத்திரை! 0.3 சதவீதமளவு கரியும் 13 சதவீதமளவு குரோமியமும் கொண்ட, சீனாவின் மலிவான துருவேறா உருக்கு அது. இதே அச்சிலான கத்தி, பிடி மட்டும் பிளாஸ்டிக்காக, இறக்குமதிச் சாமான் கடையொன்றில் 1,400 ரூபாய்க்குத் தொங்குவதைப் பிறகு கண்டேன்.

சீனாவில் செய்தது என்பதற்காக நான் கொதிக்கவில்லை. குவாங்டொங் மாகாணத்தின் யாங்ஜியாங் நகரம் கத்தித் தொழிலுக்கே பேர்போனது. அமெரிக்க நிறுவனங்கள் பல தங்கள் மலிவு விலைக் கத்திகளைச் சீனாவில் செய்வித்து, அதை அலகிலேயே பொறித்து விற்கின்றன. மறுபுறம் பிரான்சின் ஒப்பினல் நிறுவனம் இன்றும் மடக்கும் கத்திகளைச் சொந்த நாட்டிலேயே மலிவாகச் செய்கிறது, அதன் அமைப்பில் முதுகுவில்லே இல்லாததும் அதற்கு உதவுகிறது. 1,400 ரூபாய்க்குச் சீனக் கத்தி என்று தந்திருந்தால் நானே வாங்கியிருப்பேன். முத்திரையை அராவிவிட்டு எங்கள் கொல்லரின் பெயரை ஒட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கேட்கப் போனபோது முதலில் “ஐயா ஊரில இல்லை” என்றார்கள். பட்டறையைக் காட்டுங்கள் என்றால், அது திருத்தவேலையில் பூட்டியிருக்கிறதாம். பின்னர், பிடியைக் கழற்றியபடியால் திருப்பி எடுக்க முடியாது என்று கையை விரித்தார்கள். கழற்றாமல் அந்த முத்திரையை எப்படிக் காண்பது என்ற கேள்விக்குப் பதிலில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு மௌனம். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் “கைவினைப் பொருள் 1, ரூபா 7,500” என்று மட்டுமே இருக்கிறது.

நிதானமாக எழுத இப்போது மனம் இல்லை, வாங்குவோர் கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். அலகின் உருக்கையும் செய்த இடத்தையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். காந்தம் ஒட்டுகிறதே என்று நம்பாதீர்கள், இரண்டு உருக்கிலும் ஒட்டும். பட்டறையைக் காட்டுகிறோம் என்றால் காசு கொடுக்க முதல் போய்ப் பாருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். நான் நாளைக் காலை முறையிடுகிறேன்.