டார்ச்சுக்கு வால் சுவிட்சா, பக்க சுவிட்சா?

ரீசார்ஜ் டார்ச் வாங்குகிறவர்கள் முதலில் லூமன் எண்ணைத்தான், அதாவது வெளிச்ச அளவைத்தான், பார்க்கிறார்கள். நான் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். இருட்டில் விரல் தேடுவது அதைத்தான்.

டாக்டிகல் வகையில், அதாவது காவல் பணிக்கான டார்ச்சுகளில், சுவிட்ச் பெரும்பாலும் வால்பகுதியில் இருக்கும். தோள் உயரத்தில் ஓங்கிப் பிடித்தால் கட்டைவிரல் தானாக அதன்மேல் போய் நிற்கும். நல்ல வகையில் லேசாக அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். 'டிக்' என்று முழுதாக அழுத்தினால்தான் நிலைத்து எரியும். சிலவற்றில் இந்தப் பாதி அழுத்தம் வேலை செய்யாது, கடையிலேயே அழுத்திப் பாருங்கள். மெக்கானிக்கல் சுவிட்ச் மின்சுற்றையே துண்டிப்பதால், அணைத்து வைத்த டார்ச் பேட்டரியை உறிஞ்சாது.

பக்க சுவிட்ச் நடப்பதற்குச் சுகம். கையைத் தொங்கவிட்டபடியே வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் மின்னணு சுவிட்ச். அணைந்திருந்தாலும் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். பைக்குள் அழுந்தி எரிந்து, சூடாகித் துணியையே பொசுக்கலாம். வால்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் பல டார்ச்சுகளில் இணைப்பு விட்டுவிடும்.

காவல் பணிக்கு வால் சுவிட்ச்தான். வரப்பில் நடக்கிறவருக்குப் பக்க சுவிட்ச் போதும்.

சுவிட்சுக்கு அடுத்தது பேட்டரி. அதன் எண்ணே அதன் அளவு: 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், 21700 என்றால் 21-க்கு 70. நல்ல 18650 சுமார் 3500 எம்ஏஎச் (மின்சாரக் கொள்ளளவு) தாங்கும், 21700 சுமார் 5000. கை சிறியதில்லை என்றால் 21700 எடுங்கள். 18650-ன் மேல் 9900 என்று அச்சிட்டிருந்தால் அது பச்சைப்பொய், தொடாதீர்கள்.